குளிர் தேடிச் செல்வது யாருக்காக?

டிசம்பர் மாதம் நெருங்குந்தோறும் நமது இல்லங்களில் ஒரு வாக்குவாதம் எழுவது வழக்கமாகிவிட்டது. "இவ்வாண்டு விடுமுறைக்கு எங்கே போவது?" என்பதே அது. தகப்பன் ஒன்று சொல்வான்; தாய் ஒன்று சொல்வாள்; பிள்ளைகள் கைப்பேசியை நீட்டி மூன்றாவதொன்றைக் காட்டுவர். இஃதென்ன பெரிய விஷயம், இதற்கு ஒரு கட்டுரையும் வேண்டுமோ என்று வாசகர் சிலர் நகைக்கக் கூடும். நகைக்கத்தக்கதன்று என்பதே என் துணிபு. வேலை நாட்களில் நாம் செய்வன பெரும்பாலும் பிறர் ஏவலால் செய்வன. பெரட்டுக்கு அழைத்தால் எழுகின்றோம். ஆபீஸ் கதவு திறந்தால் அமர்கின்றோம். சம்பள நாள் வந்தால் கடன்காரருக்குப் பங்கிடுகின்றோம். இவற்றுள் நமது விருப்பம் என்று சொல்லத்தக்கது சொற்பம். ஆண்டில் பத்துப் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே, "உன் இஷ்டம்போல் செய்துகொள்" என்று நம் கையில் கொடுக்கப்படுகின்றன. அந்நாட்களை ஒருவன் எங்ஙனம் செலவிடுகின்றான், யாரைக் கேட்டு முடிவு செய்கின்றான், எவருடைய செலவில் மகிழ்கின்றான் என்பவற்றைக் கொண்டு அவன் உள்ளத்தை அளந்துவிடலாம். அவன் செய்யும் வேலையைக் கொண்டு அளப்பதினும் இது திருத்தமான அளவு.

முதலில் ஒரு தடையை நீக்கிவிட வேண்டும். நம்மிடையே சீர்திருத்தம் பேசும் பெரியோர் சிலர், "கூலிக்கு உழைக்கும் குடும்பத்துக்கு உல்லாசப் பிரயாணம் எதற்கு? அப்பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்கு வைத்தால் ஆகாதா?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்வி போலவே தோன்றும். ஆனால் அதனை அவர்கள் ஏழையிடம் மட்டுமே கேட்பதைக் கவனியுங்கள். பட்டணத்தில் மாடி வீடு வைத்திருப்பவர் லண்டன் போய் வந்தால் மாலை போட்டு வரவேற்கின்றோம். தோட்டத்து லயத்திலிருப்பவன் மனைவி மக்களுடன் மலைக்குப் போய் வந்தால் ஊதாரி என்கின்றோம். ஓய்வு செல்வர்க்கு உரிமை, உழைப்பாளிக்குக் குற்றம் என்ற இவ்வெண்ணம் துரைமார் விட்டுச் சென்ற எச்சங்களுள் ஒன்றேயன்றி வேறன்று.

ஓய்வு யாரும் இரங்கிக் கொடுத்த பிச்சையன்று. சம்பளத்துடன் கூடிய விடுமுறை தொழிலாளிக்கு உண்டு என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் ஓர் உடன்படிக்கை இயற்றியது 1936ஆம் ஆண்டிலேதான். இங்கிலாந்திலேயே அதற்கென ஒரு சட்டம் 1938இல்தான் பிறந்தது. 1948இல் ஐக்கிய நாட்டுச் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு, ஓய்வையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் மனிதர் அனைவர்க்கும் உரியவையாக ஏற்றுக்கொண்டது. நமது நாட்டில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டாண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 12 நாள், அதற்கு மேல் 16 நாள் என வரையறுத்துள்ளது. சிங்கப்பூரில் 7 நாளில் தொடங்கி 14 நாள் வரை ஏறுகின்றது. இவ்வெண்கள் சிறியவை என்று ஒதுக்காதீர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நமது மக்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளுள் ஒன்று யாதெனின், துரையையும் தோட்டத்து உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. உத்தியோகஸ்தர் என்ற சொல்லில் என்னைப் போன்ற கிராணிமாரும் அடக்கம். தோட்டத்து மண்சாலையில் சைக்கிளில் அமர்ந்தபடியே செல்லும் உரிமைக்குப் போராடிய மக்களின் பேரப்பிள்ளைகள், இன்று தாம் விரும்பிய இடத்துக்குத் தலை நிமிர்ந்து போய் வர எண்ணுவது அற்ப ஆசையாகுமா?

அந்நாளைய நம்மவருக்குப் பிரயாணம் என்றால் ஒன்றே ஒன்றுதான். அது ஊருக்குப் போவது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' போன்ற கப்பல்களின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கி, கலியாணத்தையோ காடாற்றையோ நிலத் தகராற்றையோ முடித்துக்கொண்டு திரும்புவது. கடமைக்காகப் போனார்களேயன்றிக் காட்சிக்காகப் போனவர் அரிது. இன்று அக்கப்பலும் இல்லை. ஊரில் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பாரும் பலருக்கு இல்லை. கடமை குறைந்த இடத்தில் விருப்பம் வந்து அமர்ந்திருக்கின்றது. அவ்விருப்பத்தை ஆள்வது எப்படி என்பதே நமக்குப் புதிய பாடம்.

சீர்திருத்தவாதிகள் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. கூட்டம் கூட்டமாகச் சாதாரண ஜனங்களை இன்பப் பிரயாணம் அழைத்துச் செல்லும் வியாபாரத்துக்கு வித்திட்டவர் தாமஸ் குக் என்னும் ஆங்கிலேயர். அவர் முதலில் வியாபாரியல்லர், மதுவிலக்குப் பிரசாரகர். 1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, லெஸ்டர் நகரிலிருந்து லௌபரோ நகருக்கு நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்காக, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துச் சென்றார். கள்ளுக்கடைக்கு எதிராக நாமும் எத்தனையோ கூட்டம் நடத்தியிருக்கின்றோம். கடையை மூடு என்றோம்; மூடிய பின் அம்மாலைப் பொழுதில் அம்மனிதன் எங்கே போவான் என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? குடிக்கு மாற்று உபதேசம் மட்டுமன்று, ஒரு நாள் வெளியூர்க் காற்றும் கூட என்பதை அம்மனிதர் கண்டுகொண்டார்.

இனிக் குளிருக்கு வருவோம். குளிர்காலத்தில் உல்லாசப் பிரயாணம் என்னும் வழக்கத்துக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. சுவிட்சர்லாந்தில் செயின்ட் மோரிட்ஸ் என்னும் மலையூரில் விடுதி நடத்திய யோகானஸ் பட்ருட் என்பவர், 1864இல் தம் கோடைக்கால விருந்தினராகிய ஆங்கிலேயர் சிலரிடம், "குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் உங்கள் வழிச்செலவு என்னுடையது" என்ற கருத்தில் பந்தயம் கட்டினார் என்பர். அவர்கள் வந்தனர், பந்தயத்தில் விடுதிக்காரரே வென்றார். அதற்கு முன் வெண்பனி மூடிய மாதங்கள் அம்மலையூர்க்காரர்க்குக் கதவடைத்து அஞ்சிக் கிடக்கும் காலம். அதற்குப் பின் அதுவே விலைக்கு விற்கும் சரக்கு. ஆசைக்கும் பிறந்த தேதி உண்டு, பெற்றவர் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

நமது நாட்டில் குளிர்காலம் இல்லை, மழைக்காலமே உண்டு. ஆகவே குளிர் வேண்டுமெனில் ஒன்று மேலே ஏற வேண்டும், அன்றேல் வடக்கே பறக்க வேண்டும். தெற்கே பறந்தாலும் கிடைக்கும் என்றெண்ணி, டிசம்பரில் கம்பளிச் சட்டைகளுடன் பெர்த் நகருக்குப் போய் வியர்த்துத் திரும்பியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே டிசம்பர் கடுங்கோடை என்பதைப் பள்ளியில் அவரும் படித்திருப்பார், பரீட்சைக்காகப் படித்திருப்பார்.

மேலே ஏறுவதாயின் பினாங்குக் கொடிமலை உண்டு, பிரேசர் மலை உண்டு, கேமரன் மலை உண்டு. இவையெல்லாம் யாருக்காக உண்டாயின என்பதை மறக்கலாகாது. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு குறித்த மேட்டு நிலம், 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் எடுத்த முயற்சிக்குப் பின்னரே ஊராகத் தொடங்கியது. கொடிமலை ரயில் 1923இல் ஓடலாயிற்று. வெப்பத்தால் சோர்ந்த வெள்ளைக்காரர் தம் தாய்நாட்டுக் குளிரை இங்கேயே அனுபவிப்பதற்காக எழுந்தவை இவை. கணப்படுப்பு வைத்த பங்களாக்களும் ரோஜாப் பாத்திகளும் அதற்குச் சாட்சி. 1929இல் ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது காட்டை வெட்டிச் சரிவில் கன்று நட்டவர்களுள் நமது மக்களும் இருந்தனர். ஒரே மலை, ஒரே குளிர். பங்களாவில் இருந்தவருக்கு அது மருந்து. கொழுந்து பறித்தவளுக்கு விரல் மரத்துப்போகும் வேலைநேரம். குளிர் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை. எவன் வேண்டும்போது வந்து வேண்டும்போது இறங்கிப் போகலாமோ அவனுக்கே அது இன்பம்.

இன்று நாம் அங்கே போகின்றோம். தேயிலை வரிசைகளுக்கிடையே நின்று படம் பிடித்துக்கொள்கின்றோம். வரிசைக்கு அப்பால் வெட்டுக் கருவி ஏந்தி நிற்பவர் இப்போது பெரும்பாலும் வங்காள தேசத்தவர், நேபாளத்தவர் முதலாயினோர். சிலர் அவர் கூடையை வாங்கித் தம் முதுகில் மாட்டிச் சிரித்துப் படமெடுப்பதையும் நான் பார்த்திருக்கின்றேன். நம் பாட்டிமார் முதுகில் ஏறியிருந்த கூடை அது. துரைசானி ஒருத்தி அப்பாட்டியின் கூடையை வாங்கி மாட்டிச் சிரித்திருந்தால் இன்று நாம் அதைப் பற்றிக் காரமாக ஒரு கட்டுரை எழுதுவோம். ஆகவே மலைக்குப் போகாதே என்றா சொல்கின்றேன்? இல்லை. நாம் போகாவிட்டால் அவருடைய கூலி ஒரு காசும் உயராது. ஆனால் பார்க்க வந்தவனுக்குப் பார்வை வேண்டும். அவர் பெயர் கேட்கலாம். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார், வீட்டுக்குப் போய் எத்தனை வருஷமாயிற்று என்று கேட்கலாம். படம் பிடிக்குமுன் அனுமதி கேட்கலாம். நாம் தின்ற சோளத்தின் தட்டையை அவர் வேலை செய்யும் பாத்தியில் எறியாதிருக்கலாம். இவை பெரிய தருமங்களல்ல. ஆயினும் மனிதனை மனிதன் காட்சிப் பொருளாக்காதிருக்க இவையே முதற்படி.

இனி வடக்கே பறப்பது. ஜப்பானின் ஹொக்கைடோவிலோ கொரியாவிலோ வெண்பனியைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் நமது இளைஞரிடையே மிகுந்திருக்கின்றது. 2013 முதல் ஜப்பான் செல்ல மலேசியருக்கு விசா வேண்டுவதில்லை. மூதாதையர் ஊருக்குப் போக இந்திய விசா வாங்க வேண்டும் என்பது ஒரு வேடிக்கை. "பனி நமக்கு என்ன உறவு? ஆங்கிலப் புத்தகமும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் நம் தலையில் ஏற்றிய ஆசைதானே இது?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்மைதான். இங்கிலீஷ் வாசகத்தில் பனிமனிதன் படத்தைக் கண்ட பின்னரே, எங்கள் வீட்டுக் கூரையில் நாள்தோறும் பெய்யும் மழைக்குப் பருவக் காற்று காரணம் என்று நான் கற்றேன். ஆனால் பிறர் நட்ட ஆசை என்பதனால் அது பொய்யாசை ஆகிவிடுமா? நாம் பிழைக்கும் மரங்களையே பாருங்கள். ரப்பர் பிரேசிலுக்குரியது, 1877இல் சிங்கப்பூருக்குக் கன்றாக வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவுக்குரியது. 1917இல் சிலாங்கூர் தெண்ணமாரம் தோட்டத்தில் முதன்முதல் வியாபாரத்துக்கென நடப்பட்டது. வந்தேறிய மரங்களின் பாலிலும் எண்ணெயிலும் நான்கு தலைமுறை சோறு தின்றோம். பழநிக்குப் போக வேண்டும் என்ற ஆசையும் நாம் பிறக்கும்போதே கொண்டு வந்ததன்று, பாட்டி நட்டது. எவர் நட்டார் என்று ஆராய்வதைவிட, அது நம் நிலத்தில் என்ன காய்க்கின்றது என்று பார்ப்பதே குடியானவன் புத்தி. தன் வாழ்வில் ஒரு முறை பனியைக் கையில் அள்ளிப் பார்க்க விரும்பும் தோட்டத்துப் பெண்ணை நான் நகைக்க மாட்டேன். உலகம் தன் லயத்தைவிடப் பெரியது என்று அவள் உள்ளங்கை அறிந்துகொள்கின்றது.

ரோமாபுரி ஞானி செனெக்கா தம் கடிதமொன்றில், ஊரை மாற்றுவதால் உள்ளம் மாறாது, உன் துயரை நீயே சுமந்து செல்கின்றாய் என்ற கருத்தை எழுதினார். படித்தவர்கள் இதனை எடுத்துக்காட்டிப் பிரயாணத்தைப் பழிப்பதுண்டு. ஞானியின்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர் பெருஞ்செல்வர், பல மாளிகைகளுக்கு உடையவர் என்பதையும் அறிவேன். மாளிகை மாறி மாளிகை போகிறவனுக்கு உள்ளம் மாறாமலிருக்கலாம். இரண்டு அறையில் ஆறு பேர் படுத்து, அண்டை வீட்டுச் சண்டையைச் சுவர் வழியே கேட்டு, ஐந்து மணிக்கு எழுந்து ஓடும் குடும்பத்தைக் கடலோரத்தில் இரண்டு நாள் உட்கார வைத்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் கணக்கைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசுவதைக் கேட்பீர்கள்.

ஆசை எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும் எதை நோக்கிப் போகின்றது என்பது முக்கியம். இதற்கு நான் ஒரு சோதனை வைத்திருந்தேன். "அங்கே போனதை ஒருவரிடமும் சொல்லக் கூடாது, ஒரு படமும் எடுக்கக் கூடாது என்றால் அப்போதும் அவ்விடமே போவாயா?" ஆம் என்றால் அது உன் ஆசை, இல்லையென்றால் அது அடுத்த வீட்டுக்காரனுக்காகச் செய்யும் பிரயாணம். நல்ல சோதனைதான், ஆனால் முழுமையானதன்று. கண்டதைச் சொல்லுவதும் இன்பத்தில் ஒரு பாகம். பள்ளி திறந்ததும் தன் தோழியிடம் பனியைப் பற்றிச் சொல்லப் போகும் சிறுமியிடம் போய், சொல்லாதே, சொன்னால் அது தற்பெருமை என்பது கொடுமை. கேட்பவள், "நானும் பார்த்ததுபோல் இருக்கின்றது" என்று மகிழும்படி சொல்வதும் உண்டு. "உன்னால் முடியாதே" என்று குனியும்படி சொல்வதும் உண்டு. வேற்றுமை போன இடத்தில் இல்லை. சொல்லும் வாயில் இருக்கின்றது. அதை வீட்டில் பெரியவர்களிடமிருந்தே பிள்ளைகள் கற்கின்றனர்.

கடன் விஷயத்தில் நான் இவ்வளவு இளகுவதாயில்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒரு வாரம் பனி நாடு போய் வர 15,000 வெள்ளி ஆகின்றது என்றும், அதனைக் கடனாக வாங்கி 24 மாதத் தவணையில் கட்டுவதென்றும் வைத்துக்கொள்வோம். வட்டியைச் சேர்க்காமலே மாதம் 625 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் விதிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதனைப் பெறுபவனுக்கு இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஏழு நாள் ஓய்வுக்கு இரண்டாண்டு உறக்கமின்மை விலை. நம் முன்னோர் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறினர். அம்முன்பணத்தைக் கழிக்கவே அவர்கள் காலம் கழிந்தது. அவர்கள் வாங்கியது பசிக்காக. நாம் அதே முன்பணத்தை, பெயரை மட்டும் மாற்றி, ஓய்வுக்காக வாங்குவது வரலாறு நம்மைப் பார்த்துச் சிரிக்கும் செயல். சேர்த்து வைத்துப் போகட்டும். மூன்றாண்டு பொறுத்துப் போகட்டும். குலுக்குச் சீட்டுப் பிடித்தாவது போகட்டும். போகுமுன் கொடுத்த காசில் காத்திருந்த இன்பமும் சேர்ந்திருக்கும். வந்தபின் கொடுக்கும் காசில் எரிச்சலே மிஞ்சும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், நான் முக்கியமாகக் கருதுவது இனிமேல்தான் வருகின்றது. எங்கே போவது என்பதை வீட்டில் யார் தீர்மானிப்பது? பெரும்பாலான வீடுகளில் சம்பாதிக்கும் ஆண் தீர்மானிக்கின்றான். அன்றேல் அதிகம் அழும் பிள்ளை தீர்மானிக்கின்றது. மனைவியைக் கேட்பதுண்டு, ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, மூட்டை கட்டுவது எப்போது என்றே கேட்பதுண்டு. செலவு குறையும் என்று சமையலறையுள்ள வாடகை வீடு எடுக்கின்றோம். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு போகின்றோம். மலையில் மூடுபனி இறங்கும் அழகை நாம் தாழ்வாரத்தில் நின்று பார்க்க, அவள் புதிய அடுப்பில் பழைய குழம்பைக் காய்ச்சுகின்றாள். இது யாருடைய விடுமுறை? வீட்டில் அவளுக்குப் பழகிய கத்தியாவது இருந்தது. ஆண்டு முழுவதும் ஒரு நாளும் லீவு பெறாத உழைப்பாளி நம் வீட்டில் ஒருத்தி உண்டென்றால், பத்து நாளில் முதற்குரல் அவளுடையதாக இருக்க வேண்டும் என்பது தயவன்று, கணக்கு. கடைச் சாப்பாட்டுக்குப் பணமில்லையெனில் இரண்டு நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஆண்கள் சமையுங்கள். வாய்க்கு நன்றாக இராது. அதனால் யாரும் செத்ததில்லை.

பெற்றோர் விஷயம் இதனினும் நுண்ணியது. எனக்குத் தெரிந்த லாரி ஓட்டுநர் ஒருவர், சிக்கனமாகச் சேர்த்துப் பிள்ளைகளைப் பனி நாட்டுக்கு அழைத்துப் போகத் திட்டமிட்டிருந்தார். எழுபது வயது கடந்த தகப்பனாரிடம், "அப்பா, நீங்களும் வாங்க" என்றார். முதியவர், "பனியெல்லாம் எனக்கெதுக்கு தம்பி. நான் பிறந்த தோட்டத்துக்கு ஒருதரம் கூட்டிட்டுப் போ. அந்தக் கோயில் வாசல் மரம் இருக்குதான்னு பார்த்துட்டு வந்துடலாம்" என்றார். அத்தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாகி நெடுங்காலமாயிற்று. மரம் இருப்பது சந்தேகம். மகனுக்குச் சங்கடம். பிள்ளைப் பருவம் ஒரு முறைதான் வரும் என்பது ஒரு பக்கம். முதியவருக்கு இன்னும் எத்தனை டிசம்பர் உண்டு என்பது மறுபக்கம். இவற்றுள் எது பெரிது?

நான் இதனைப் பல நாள் எண்ணிப் பார்த்தேன். தகப்பன் என்பதனால் அவர் ஆசையே பெரிது என்று சொல்ல மாட்டேன்; வயது ஆசையின் எடையைக் கூட்டுவதில்லை. ஆனால் சில ஆசைகளுக்குத் தவணை உண்டு. தவணை கடந்தால் அவற்றை எவ்வளவு பணத்தாலும் நிறைவேற்ற முடியாது. இன்னொன்றையும் கண்டேன். அந்தப் பழைய தோட்டம் லாரி ஓட்டுநரின் வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரந்தான். எண்ணெய்ச் செலவும் ஒரு வேளைச் சாப்பாடும் தவிர வேறு செலவில்லை. அப்படியிருந்தும் இத்தனை ஆண்டு ஏன் போகவில்லை? செலவில்லாத ஆசை என்பதனாலேயே போகவில்லை. விலையுயர்ந்த ஆசைக்கு நாள் குறிக்கின்றோம், சீட்டு வாங்குகின்றோம், காலண்டரில் வட்டமிடுகின்றோம். விலையற்ற ஆசையை, "அதற்கென்ன, எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்று தள்ளுகின்றோம். எப்போது வேண்டுமானாலும் செய்யத்தக்கது ஒருபோதும் செய்யப்படுவதில்லை. ஆகவே அவ்விரண்டுக்குமிடையே மெய்யான போட்டியே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அவர் போய் வந்தார். மரம் இல்லை. இருந்த இடத்தில் நாலுசக்கர வண்டிகள் நிறுத்துகின்றனராம். முதியவர் அரை மணி நேரம் அங்கேயே நின்று, பேரப்பிள்ளைகளுக்கு ஆயா கொட்டகை எங்கே இருந்தது, பால் கொண்டுபோய் ஊற்றும் இடம் எங்கே இருந்தது என்று கைகாட்டினாராம். பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருந்தது என்றே மகன் சொன்னார். சலிப்பில்லாத பிரயாணம் எங்கே உண்டு?

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஆண்டிறுதி விடுமுறை வடகிழக்குப் பருவக்காற்றுடன் சேர்ந்தே வருகின்றது. கீழ்க்கரைத் தீவுகளுக்குப் படகு ஓடுவது அரிது; ஆறுகள் பெருகும்; மலைச்சாலைகளில் மண் சரியும். 2014 டிசம்பரில் கிளந்தான் மூழ்கியதையும், 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் வீட்டுக் கூரை வரை ஏறியதையும் யாரும் மறக்கவில்லை. 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியுமுன், பத்தாங் காலியில் கூடாரமடித்துத் தங்கியிருந்தவர்கள்மீது மலை சரிந்து 31 உயிர்கள் மாண்டன. அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அச்செய்தி வந்த நாளில், "மழைக்காலத்தில் மலையடிவாரத்துக்கு ஏன் போனார்கள்?" என்று பேசியவர் பலர். அப்பேச்சு எனக்கு அருவருப்பூட்டியது. அவர்கள் செய்தது நாமெல்லாம் ஆண்டுதோறும் செய்வதே: சொற்ப லீவு, சொற்பப் பணம், பிள்ளைகளின் முகம், இவற்றைக் கூட்டிக் கழித்து ஓரிடத்தைத் தேர்ந்தனர். முடிவைக் கொண்டு தெரிவைப் பழிப்பது நீதியன்று. அதே வாரம் வேறு சரிவுகளின் கீழ் உறங்கி எழுந்து வீடு திரும்பிய குடும்பங்கள் அவர்களினும் புத்திசாலிகள் அல்லர், அதிர்ஷ்டசாலிகள். இறந்தவரைக் குற்றம் சொல்லாதிருப்பது ஒன்று. இனிப் போகிறவர் வானிலை அறிவிப்பைப் பார்க்காமலிருப்பது வேறு. முதலாவது நம் நாவுக்குரிய ஒழுக்கம். இரண்டாவது நம் பிள்ளைகளுக்குரிய கடன். முன்பணம் கட்டிவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காக எச்சரிக்கையை மீறிப் போகிறவன், தங்கும் விடுதிக்குக் கட்டிய இருநூறு வெள்ளியைத் தன் மக்களினும் மேலாக மதித்தவனாகின்றான்.

முடிவாக, ஆபீசில் லீவுப் பட்டியல் வைத்திருப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. செம்பனைக்கு டிசம்பர் தெரியாது. குலை பழுத்தால் வெட்டியாக வேண்டும். வெட்டிய குலை காத்திராது. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் லீவு என்பது ஆகாத காரியம். ஆகவே நமது உத்தியோகஸ்தரும் ஓட்டுநரும் டிசம்பரில் குடும்பத்தோடு மலையேறும்போது, அவர்கள் இடத்தில் நிற்பவர் பிள்ளைகள் இங்கில்லாதவர். அவர்களின் பிள்ளைகள் இந்தோனேசியாவிலும் வங்காள தேசத்திலும் இருக்கின்றனர். "அவனுக்குத்தான் இங்கே குடும்பம் இல்லையே, அவன் நிற்கட்டும்" என்று வெகு சாதாரணமாகச் சொல்லுகின்றோம். குடும்பம் இல்லாததால் அவன் நிற்கவில்லை. குடும்பம் இருப்பதனாலேயே நிற்கின்றான். நோன்புப் பெருநாளுக்கு அவன் ஊர் போகக் கேட்கும் மூன்று வாரத்தை, டிசம்பரில் அவன் தோளில் ஏறி மலை பார்த்து வந்தவர்கள் முன்வந்து நின்று ஈடுகட்ட வேண்டும். எங்கள் தோட்டத்தில் இவ்வாண்டு அப்படி இருவர் பெயர் எழுதிக் கொடுத்திருக்கின்றனர். ஒருவர் மேற்சொன்ன லாரி ஓட்டுநர். பட்டியலில் இன்னும் நான்கு கோடு காலியாக இருக்கின்றது. மாதக் கடைசி வரை பெயர் கொடுக்கலாம்.